களனி கங்கைக்கு அக்கரை

கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே போனால் முகத்துவாரம், மட்டக்குளி, அதற்கப்பால் களனி கங்கை. ஆற்றைக் கடந்தால் வத்தளையை ஒட்டி ஹெந்தளை. வீடுகளும் கடைகளும் நெருங்கி, எங்கே கொழும்பு முடிந்து எங்கே அது தொடங்குகிறது என்று இன்று சொல்வது கடினம். 1708இல் நிலைமை வேறு. அந்த ஆண்டு ஒல்லாந்தர் அங்கே ஒரு தொழுநோய் வைத்தியசாலையைக் கட்டினார்கள். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வாழ்ந்த மக்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவே அகலமான ஓர் ஆறு ஓடியது.

ஒல்லாந்தரின் வழக்கமே அதுதான். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரைக்கு அப்பால் இருந்த பூர்மெரெண்ட் தீவில் தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்தார்கள். கொச்சிக்கு வடக்கே பள்ளிப்புறத்தில் 1728இல் இன்னொன்று. ஹெந்தளை இவ்விரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆசியாவின் மிகப் பழைய தொழுநோய் இல்லங்களில் அதுவும் ஒன்று. வைத்தியசாலை என்று பெயர் இருந்தாலும் அன்று அங்கே கொடுப்பதற்கு வைத்தியம் எதுவும் இருக்கவில்லை. உணவும் கூரையும் கிடைத்தன. திரும்பிப் போக வழி கிடைக்கவில்லை.

அங்கே போக வேண்டியவர் யார், போக வேண்டாதவர் யார் என்பதை முடிவுசெய்தது எது? தோல். முன்கையில் ஒரு வெளிறிய திட்டு, கன்னத்தில் ஒரு செம்பு நிறத் தடிப்பு, விரலில் ஆறாத ஒரு புண். நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டவர் அன்று உலகில் எவரும் இல்லை. பார்ப்பவரின் கண்தான் ஆய்வுகூடம், அவருடைய பயம்தான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு ஒருவரை வீடு, தொழில், மனைவி, பிள்ளை எல்லாவற்றிலிருந்தும் பிரித்துவிடக்கூடியது. கொழும்பில் தோல் நோய் அறியப்பட்ட வரலாற்றை அந்தக் கண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது எத்தனை முறை தவறியிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

தவறுவதற்கு வேண்டிய அளவு நோய்கள் இந்த ஈரமான கடற்கரை நகரத்தில் இருந்தன. தேமல், படை, சொறி, சிரங்கு, கரப்பான், அக்கி, கிரந்தி என்று நம் மக்கள் கையில் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். சித்த வைத்திய நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கின்றன. அந்தப் பதினெட்டில் இன்று தொழுநோய் என்று நாம் அறிவதும் உண்டு. வெண்புள்ளியும் படையும் செதில் உதிரும் பிற நோய்களும் உண்டு. நாட்டுப் பரியாரிகள் கவனமாகப் பார்த்தார்கள், நிறத்தையும் விளிம்பையும் கசிவையும் குறித்துக்கொண்டார்கள். ஆயினும் ஒரே தலைப்பின் கீழ் கொடியதும் சாதாரணமானதும் சேர்ந்து கிடந்தபோது, படை வந்தவரும் குட்டம் வந்தவர் ஆகிவிடும் ஆபத்து இருந்துகொண்டே இருந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். விவிலியத்தில் சொல்லப்படும் தொழுநோயில் வேறு பல தோல் நோய்களும் கலந்திருக்கின்றன என்பதே இன்றைய அறிஞர்களின் கருத்து.

பரியாரிகளின் மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவற்றில் ஒன்று பின்னால் உலகைச் சுற்றி வந்தது. நீரடிமுத்து என்ற விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் குட்டத்துக்கு உள்ளும் புறமும் கொடுத்தார்கள். சேங்கொட்டையைச் சுத்தி செய்து அதனோடு சேர்த்து ஆக்கும் நீரடிமுத்து வல்லாதி இன்றும் சித்த மருந்துப் பட்டியலில் இருக்கிறது. சுத்தி செய்யாத சேங்கொட்டைப் பால் தோலில் பட்டாலே கொப்பளிக்கும். இந்தியாவில் சலவைத் தொழிலாளர்கள் அதன் கறுப்புச் சாற்றால் துணிகளில் அடையாளம் இடுவதுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு வந்திறங்கிய அமெரிக்கப் படையினருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அந்த அடையாளம் பட்ட இடத்தில் மட்டும் கொப்புளம் எழும்ப, அவர்களுடைய இராணுவ வைத்தியர்கள் திகைத்துப்போய் 1943இல் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். படித்த எந்தப் பரியாரியும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பின் ஆங்கிலேய அதிகாரிகளை உலுக்கியது தொழுநோயைவிட இன்னொரு தோல் நோய். பறங்கி நோய் என்று வடக்கிலும் வன்னியிலும் அதை அழைத்தார்கள். குழந்தையின் கையிலோ காலிலோ ஒரு புண் தோன்றும். சில வாரங்களில் அதுபோல் பல புண்கள், சிவந்து முளைவிட்டு, ஈ மொய்க்க, உடல் முழுதும் பரவும். கவனியாமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்து எலும்பை அரித்து மூக்கையும் தாடையையும் சிதைக்கும். குளங்கள் உடைந்து, நெல் பொய்த்து, மக்கள் மெலிந்துபோன வன்னிக் கிராமங்களில் அது வீடு வீடாக இருந்தது. 1860களின் இறுதியில் ஜேம்ஸ் லூஸ் என்ற பறங்கியர் சமூகத்து வைத்தியர் அரசாங்கத்தால் வன்னிக்கு அனுப்பப்பட்டு அறிக்கை எழுதினார். 1870இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக வந்தவரும் அவரே. வன்னியில் தாம் கண்ட புண்கள் அவருடைய வகுப்பறைக்குள்ளும் வந்திருக்கும் என்று நம்பலாம்.

அடுத்து 1881இல் வில்லியம் கின்சி பறங்கி நோய் பற்றி விரிவான அரசாங்க அறிக்கை ஒன்றை வெளியிட்டார். தீவின் தலைமை அரசாங்க வைத்தியராக இருந்தவர் அவர். கொழும்பு மருத்துவ பீடம் நிற்கும் வீதிக்கு இன்றும் கின்சி வீதி என்றுதான் பெயர். நாள்தோறும் அவ்வழியே போகும் பேருந்துகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயருக்கும் வன்னிக் குழந்தைகளின் புண்ணுக்கும் உள்ள தொடர்பு தெரிய வாய்ப்பில்லை. மேகநோய், தொழுநோய், பட்டினியால் வரும் புண் ஆகியவற்றிலிருந்து பறங்கி நோயைப் பிரித்தறிவதே அன்றைய பெரிய விவாதம். எல்லாம் கண்ணால் நடந்த விவாதம்.

அந்த விவாதத்தை முடித்துவைத்தவர் ஓர் இத்தாலியர். ஆல்டோ காஸ்தெல்லானி புளோரன்ஸில் 1874இல் பிறந்தவர். உகாண்டாவில் தூக்க நோயை ஆராய்ந்துவிட்டு 1903இல் கொழும்புக்கு வந்தார். வயது முப்பதுகூட நிறையவில்லை. பொது வைத்தியசாலையை அண்டி, டி சொய்சா குடும்பத்தின் நன்கொடையில் எழுந்த பற்றீரியா ஆய்வு நிலையம் அவர் பொறுப்பில் வந்தது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் வேர் அதுதான். 1905இல் பறங்கிப் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த நீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த காஸ்தெல்லானி, அதில் மெல்லிய சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். அதே ஆண்டில்தான் பெர்லினில் ஷாவுடினும் ஹொஃப்மனும் மேகநோய்க் கிருமியைக் கண்டிருந்தார்கள். பார்வைக்கு இரண்டு கிருமியும் இரட்டையர். ஆனால் பறங்கி குழந்தைகளுக்குள் சாதாரணத் தொடுகையால் பரவுவது. ஒழுக்கத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. கொழும்பின் ஒரு சிறு ஆய்வுகூடத்தில் அன்று கண்ட கிருமி, வன்னித் தாய்மார் மீது சுமத்தப்பட்ட எத்தனையோ சந்தேகங்களைக் கழுவியிருக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்குள் பென்சிலின் ஊசி ஒன்றே போதும் என்ற நிலை வந்தது.

காஸ்தெல்லானி கொழும்பில் இருந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் தோலைச் சுரண்டிக்கொண்டே இருந்தார் என்றால் மிகையில்லை. தேமலை எடுத்தார், படையை எடுத்தார், தொடை இடுக்கில் வரும் படர்தாமரையை எடுத்தார். அந்தக் கடைசி நோய்க்கு வெள்ளைக்கார உத்தியோகத்தர்கள் வைத்திருந்த பெயர் ‘டோபி இட்ச்’. தங்கள் சட்டையையும் கால்சட்டையையும் வெளுத்துக் கொடுத்த மனிதர்தான் நோயைத் தந்தார் என்ற குற்றச்சாட்டு அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. வெப்பமும் வியர்வையும் இறுக்கமான உடையும் சேர்ந்த இடத்தில் வளரும் பூஞ்சைதான் அது. காஸ்தெல்லானி அதை வளர்த்துக் காட்டினார். ஆனாலும் பெயர் ஆங்கில மருத்துவ நூல்களில் பல பத்தாண்டுகள் நிலைத்தது. உழைத்து வெளுத்தவர்களின் தொழிலுக்கு நேர்ந்த இந்த அவமானத்துக்கு எவரும் வருத்தம் தெரிவித்ததாகத் தெரியவில்லை.

கொழும்பு மருத்துவக் கல்லூரியின் பதிவாளராக இருந்த ஆல்பர்ட் சால்மர்ஸுடன் சேர்ந்து 1910இல் அவர் வெளியிட்ட வெப்பமண்டல மருத்துவ நூல், 1919இல் மூன்றாம் பதிப்பாக வந்தபோது இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டியிருந்தது. உலகெங்கும் வெப்ப நாடுகளுக்குப் போன வைத்தியர்கள் தோல் நோயைப் படித்தது பெரும்பாலும் அந்த நூலில்தான். அதற்குத் தோலைக் கொடுத்தவர்களில் கொழும்பின் கூலித் தொழிலாளரும் நோய்ப்பட்ட பிள்ளைகளும் உண்டு. பின்னாளில் காஸ்தெல்லானி முசோலினியின் பக்கம் போனார்; அந்தக் கதை இங்கே வேண்டாம். அவர் பெயரில் மிஞ்சியிருப்பது ஒரு சிவப்பு நீர். காஸ்தெல்லானி பெயின்ட் என்று தோல் வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த, விரல் இடுக்குகளில் பூசும் மருந்து. அதன் அடிப்படை பினோலில் கரைத்த ஃபுக்சின் சாயம். தொழுநோய்க் கிருமியை நுணுக்குக்காட்டியில் சிவப்பாகக் காட்டும் சாயமும் அதுவேதான். ஒரே சாயம் ஒரு பக்கம் நோயைக் காட்டியது, மறுபக்கம் இன்னொரு நோயை ஆற்றியது.

தொழுநோய்க் கிருமியை 1873இலேயே நோர்வேயின் பேர்கன் நகரில் ஹான்சன் கண்டுவிட்டார். அதுவரை ஐரோப்பிய வைத்தியர்களில் பெரும்பாலோர் அதைப் பரம்பரை நோய் என்று நம்பினார்கள். நம் ஊரில் முற்பிறப்பின் வினை என்றார்கள். கிருமி என்று தெரிந்தபின் மக்கள் நிம்மதி அடைந்திருக்கலாம். நடந்தது வேறு. கிருமி என்றால் தொற்று, தொற்று என்றால் பூட்டிவை என்று உலகெங்கும் அரசாங்கங்கள் முடிவெடுத்தன. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் வந்தது. ஒல்லாந்தர் பழக்கமாகச் செய்ததை ஆங்கிலேயர் சட்டமாக்கினார்கள். ஹெந்தளை நிரம்பியது. 1920களில் மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவில் இன்னொரு தொழுநோய் வைத்தியசாலை எழுந்தது. மறுபடியும் நடுவே தண்ணீர்.

சட்டம் வந்த நாளிலிருந்து முழுக்கைச் சட்டைக்குப் புதிய பயன் ஒன்று பிறந்தது. கையில் திட்டு உள்ளவர் அதை மூடிக்கொண்டார். வைத்தியரிடம் போனால் திரும்பி வர முடியாது என்று அஞ்சிய குடும்பங்கள் நோயாளியைப் பின்னறையில் வைத்துக்கொண்டன. மறைக்க மறைக்க நோய் முற்றியது, முற்றிய கையும் முகமும் மக்களின் அச்சத்தை மேலும் வளர்த்தன. தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும். உடலில் புகுந்து அடையாளம் காட்ட ஐந்து ஆண்டுகளும் ஆகலாம், இருபதும் ஆகலாம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல் இயல்பாகவே அதை எதிர்க்கும் உடல்வாகு கொண்டவர்கள். இப்படிப்பட்ட நோய்க்கு ஆற்றின் அக்கரை தேவைப்பட்டதே இல்லை.

மருந்தின் கதை பரியாரியின் எண்ணெயிலிருந்து தொடங்குகிறது. கல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸும், ஹவாயில் அலிஸ் பால் என்ற இளம் கறுப்பினப் பெண் வேதியியலாளரும் 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீரடிமுத்து இனத்து எண்ணெயை ஊசியில் ஏற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றினார்கள். அலிஸ் பால் இருபத்துநான்கு வயதில் இறந்துபோனார். அவருடைய முறைக்கு நெடுங்காலம் வேறொருவர் பெயர் இருந்தது. வலி மிகுந்த அந்த ஊசி சிலருக்கு உதவியது, பலருக்கு உதவவில்லை. உண்மையான மருந்து 1940களில் வந்தது. அமெரிக்காவின் கார்வில்லில் 1941இல் சல்ஃபோன் மருந்தைச் சோதித்தார்கள். அதே இனத்தைச் சேர்ந்த மலிவான டாப்சோனை நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் தமிழ்நாட்டில் செங்கல்பட்டுத் தொழுநோய் வைத்தியசாலையில் இருந்த ராபர்ட் காக்ரேன். வேலூரில் போல் பிராண்ட் 1948 முதல் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, உணர்வற்றுப்போன கை சூடும் கூரும் தெரியாமல் காயப்பட்டே தேய்கிறது என்று உலகுக்குக் காட்டியவரும் அவர்தான்.

இந்த மருந்துகள் வந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1954இல் ‘ரத்தக்கண்ணீர்’ திரைக்கு வந்தது. எம். ஆர். ராதாவின் நடிப்பைத் தமிழர்கள் மறக்கவில்லை. ஒழுக்கம் தவறிய பணக்காரனுக்குத் தண்டனையாகத் தொழுநோய் வருகிறது என்பதையும் மறக்கவில்லை. மாத்திரையால் மாற்றக்கூடிய நோய் என்று செங்கல்பட்டில் தெரிந்திருந்த காலத்தில், அது பாவத்தின் சம்பளம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் மேலும் ஆழமாகப் பதிந்தது. கலையாகப் பெரிய படம். ஆனால் கையில் திட்டோடு வாழ்ந்தவர்களுக்கு அது இழைத்த தீங்கையும் சேர்த்துத்தான் நினைவுகூர வேண்டும்.

டாப்சோனுக்குக் கிருமி பழகிவிட்டது என்பது 1960களில் உறுதியானது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது; இலங்கை 1983இல் அதைத் தொடங்கியது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின். இன்று சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். முதல் வேளைகளோடே நோயாளி பிறருக்குத் தொற்றவைக்கும் ஆற்றலை இழந்துவிடுகிறார். இருநூற்று எழுபத்தைந்து ஆண்டுகள் பிரித்துவைத்த சமூகம், இனி எவரையும் பிரிக்க வேண்டியதில்லை என்று ஆனது.

ஆனால் வெளியே வரச் சொன்னால் மக்கள் வருவார்களா? 1990இல் சீபா-கைகி நிறுவனத்தின் தொழுநோய் நிதியத்தின் துணையோடு சுகாதார அமைச்சு நாடு தழுவிய பிரசாரம் ஒன்றை நடத்தியது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சுவரொட்டியிலும் ஒரே செய்தி: தோலில் வெளிறிய திட்டு இருக்கிறதா, காட்டுங்கள், குணமாகும். சவர்க்காரத்தை விற்கும் உத்தியால் ஒரு நோயின் மீதிருந்த அச்சத்தைக் கரைக்க முயன்றார்கள். புதிதாக இனங்காணப்பட்டோர் தொகை உயர்ந்தது. அவர்களில் பலர் தாமாகவே வந்தவர்கள். முழுக்கைச் சட்டை மேலே உயர்ந்தது என்று சொல்லலாம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இலங்கை 1995இல் எட்டியது. 2001இல் தொழுநோய்ச் சிகிச்சை பொதுச் சுகாதார சேவையோடு இணைக்கப்பட்டது. அதன்பின் அது மற்ற நோய்களைப் போல் வெளிநோயாளர் பிரிவில் பார்க்கப்படும் நோய்.

கொழும்பில் ஒரு தோல் சிகிச்சைப் பிரிவுக்கு இன்று கையில் திட்டோடு ஒருவர் போனால் நடப்பது எளிமையானது. வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி, கடிக்கிறதா? அரிப்பு இருந்தால், விளிம்பு தடித்து நடு வெளுத்திருந்தால், படையாக இருக்கலாம். செதிலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் துளி விட்டுப் பூஞ்சை இழையைத் தேடுவார். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை, அந்த இடத்தில் மயிர் உதிர்ந்து வியர்வையும் வராமல் இருந்தால் அவர் பஞ்சை எடுப்பார். கண்ணை மூடச் சொல்லி, திரித்த பஞ்சு நுனியால் நல்ல தோலிலும் திட்டிலும் மாறி மாறித் தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார். பிறகு முழங்கையின் பின்புறத்து எலும்புப் பள்ளத்தில் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். முந்நூறு வருடமாகத் தொடக்கூடாது என்று விலக்கிய நோயை உறுதியாக அறிவதற்கு வழி, தொடுவதுதான்.

இப்போது புதிய குழப்பங்களும் சேர்ந்திருக்கின்றன. வெள்ளவத்தையின் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் உள்ள மருந்துக்கடைகளுக்கு ‘கையிலே கடி, ஒரு கிறீம் தாங்க’ என்று கேட்டு வருபவர்கள் குறைவில்லை. கடும் ஸ்டீரொய்ட் கலந்த கிறீம் கிடைத்துவிட்டால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், படை தன் அடையாள விளிம்பை இழந்து அகலமாகப் பரவும். பிறகு நல்ல வைத்தியருக்கும் அது என்னவென்று சொல்வது கடினம். தென்னாசியா முழுவதும் மருந்துக்கு எளிதில் அடங்காத படைப் பூஞ்சை பரவியதற்கு இத்தகைய கிறீம்களின் கண்மூடித்தனமான பாவனையும் காரணம் என்று தோல் வைத்தியர்கள் கருதுகிறார்கள். இன்னொரு குழப்பம் ஒரு புதிய நோயால் வந்தது: இலங்கையில் 1992இல் உள்நாட்டிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியா நோயாளி ஒருவர் முதன்முதலாக அறிவிக்கப்பட்டார். மணல் ஈ கடித்த கையிலும் முகத்திலும் வலியில்லாத சிறு கட்டியாகத் தொடங்கிப் புண்ணாகும் நோய் அது. 2008 முதல் அதை அரசாங்கத்துக்கு அறிவிப்பது கட்டாயம். வலியில்லை, அரிப்பில்லை என்பதால் அதையும் தொழுநோயையும் மக்கள் ஒன்றுபோல அலட்சியம் செய்கிறார்கள்.

1995இன் இலக்கை எட்டியபின் நோய் போய்விட்டது என்ற எண்ணம் பரவியது. அதற்குப் பின் வந்த இரண்டு பத்தாண்டுகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் வரை புதிய நோயாளர்கள் இலங்கையில் கண்டறியப்பட்டார்கள். கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணத்தின் பங்கு அதில் பெரியது. நாட்டின் புதிய நோயாளர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குக் குழந்தைகள். குழந்தைக்குத் தொழுநோய் என்றால், இன்னும் சிகிச்சை பெறாத பெரியவர் ஒருவர் அருகில் இருக்கிறார் என்று பொருள். அதனால் நோயாளியோடு வாழ்வோரையும் அயலவரையும் தேடிப் பரிசோதித்து, நோயில்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்துத் தடுக்கும் முறை சில நாடுகளில் சோதிக்கப்பட்டது. அவற்றில் இலங்கையும் ஒன்று. 2018இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. அயலவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டுமானால் அந்தத் தெருவில் நோயாளி யார் என்பது வெளியே தெரிந்துவிடக்கூடும். ஆகவே நோயாளியின் சம்மதத்தை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. சுகாதார ஊழியர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதைக் கேட்டபின்னரே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.